வல்லியின் கைகள்

“இங்க பாருங்க அத்தான், இந்த வண்டி இன்னைக்கு நேரா போக மாட்டேங்கு.”

“ரோடு நேரா கெடந்தாத்தான வண்டி நேரா போவும்.”

“வெளையாடாதிய. நான் ஸ்டீயரிங்கத் திருப்புதேன், அது கொஞ்சம் யோசிச்சுட்டுத் திரும்புது.”

“ஒன்னய மாதிரின்னு சொல்லு. நான் ஒண்ணு சொன்னா நீயும் யோசிச்சுட்டுத்தான கேக்க?”

“போங்க. எதுத்தாப்புல பஸ்ஸு வாரான், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. கையப் பாருங்க.”

போன ஐப்பசி மழையில், பட்டறை வாசலில் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டது இது. ஜீப்பை நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கரிசல் சேறு. விரல்கள் லேசாக நடுங்கின. நான் அந்தக் கைகளை எடுத்து என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பழைய ஜீப் என்றால் ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், மேடம். காலையில் நீங்கள் உங்கள் வண்டியை ஸ்டேஷன் வாசலில் திருப்பியபோதுகூடக் கவனித்தேன், லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. முன்சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக அவ்வளவுதான் இருக்கும்.

என் பெயர் கோமதிசங்கர். இதே சங்கரன்கோவிலில், திருவேங்கடம் சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். நேற்று ஓடைப் பாலத்திலிருந்து விழுந்த ஜீப் என்னுடையது. அதை ஓட்டிச் சென்று இறந்துபோன கைலாஷ் என் மனைவியின் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்திருந்து, நெற்றியில் தையலோடு பிழைத்தவள் என் மனைவி ஆனந்தவல்லி. தான் பதறிப்போய் ஸ்டீயரிங்கில் கை வைத்ததால்தான் தம்பி செத்தான் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன்னை உள்ளே வைக்கச் சொல்கிறாள்.

அது நியாயமில்லை. வல்லி மேல் ஒரு குற்றமும் இல்லை. கோளாறு வண்டியில். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். அதற்கு முன்பே என் வாயால் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. என்ன கோளாறு என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை. மதியம் தூக்குச்சட்டியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வல்லி பட்டறைக்கு வருவாள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பழைய லாரி டயரின் மேல் செய்தித்தாளை விரித்து இலை போட்டிருப்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, தெருவில் நடந்தது, சீரியலில் நடந்தது எல்லாவற்றையும் சொல்வாள். உலகத்தில் பேசுவதற்கு அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

பட்டறை வேலை போக, ஜீப்பைக் காற்றாலைக் கம்பெனி ஒன்றுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். காற்றாலைகள் எல்லாம் கரிசல் காட்டுக்கு நடுவே நிற்கின்றன. ஒரு மழை பெய்துவிட்டால் அந்த வண்டிப்பாதையில் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பைக்குகூட நகராது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் இருந்தால்தான் என்ஜினியர்கள் உள்ளே போய்வர முடியும். போன வருஷம் சித்திரையில் ஜாக்கி நழுவி என் கால் முறிந்தது. வேறு டிரைவர் போடலாம் என்றேன். “ஏன், நான் ஓட்டுனா வண்டி ஓடாதோ?” என்றாள் வல்லி.

நான்தான் கற்றுக்கொடுத்தேன், மேடம். காலில் மாவுக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வாள். வண்டி நின்றுபோனால் என் தோளில் சாய்ந்து சிரிப்பாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தோம். அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வாள் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

என் கால் சரியானது. நடக்க ஆரம்பித்த அன்று சொன்னேன்.

“இனி நான் பாத்துக்கிடுதேன் வல்லி. நீ செரமப்பட்டது போதும்.”

“இதுல என்ன செரமம்? நீங்க பட்டறையப் பாருங்க. கம்பெனிக்காரங்க ‘அக்கா வந்தாத்தான் இடுப்பு ஒடியாம போவுது’ங்காங்க. ஒங்களுக்குப் பொறாம.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவளை ஒரு அடி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஆஷிக் அலியிடம் கேட்டுப்பாருங்கள். மதியம் எனக்கு ஹோட்டல் பொட்டலம் வந்தது. அதைப் பற்றிக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அவள் வரும்போது பேசுவதற்கு நிறைய வைத்துக்கொண்டு வருவாள். ஆனால் அதில் எனக்குத் தெரியாத பெயர்களாக இருந்தன.

அப்போதுதான் அந்த ஐப்பசியில் ஸ்டீயரிங் ஆடியது. அது நிஜமான கோளாறு. முன்சக்கரங்களை இணைக்கிற கம்பியின் முனையில் உருண்டையான ஒரு மூட்டு இருக்கும். அது தேய்ந்திருந்தது. சரி செய்யும்வரை வண்டியைத் தொட மாட்டேன் என்று வல்லி என்னோடு பட்டறையிலேயே இருந்தாள்.

ஸ்டீயரிங் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க வேண்டும். மற்றவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி அசைந்தும் அடுத்தது அசையாமல் எங்கே நிற்கிறதோ, அங்கே ஆட்டம். வல்லி மேலே இருந்தாள், நான் கீழே. அவள் கை அசைவது கம்பி வழியாக என் விரலுக்கு வரும்.

“தெரியுதா அத்தான்?”

“இன்னும் கொஞ்சம் ஆட்டு.”

“சும்மா உக்காந்து ஆட்டுததுக்கு கூலி உண்டுமா?”

“சாயங்காலம் பிச்சிப்பூ வாங்கித் தாரேன்.”

“ஒத்த மொழம்னா நான் இப்பவே எறங்கிருவேன், சொல்லிட்டேன்.”

வேலையில் நான் குறை வைக்கவில்லை. மூட்டுகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். சக்கரம் திரும்புகிற இடத்தில் பேரிங் மாற்றினேன். இரண்டு சக்கரமும் ஒரே நேராக நிற்கும்படி கம்பியின் நீளத்தைச் சரி பார்த்தேன். கையை எடுத்துவிட்டாலும் வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. அவ்வளவு நன்றாக வேறெந்த வண்டியையும் நான் செய்ததில்லை. மறுநாள் காலையில் அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டயரின் மேல் முந்தின நாள் விரித்த செய்தித்தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சில நாட்களை எனக்குத் தந்தது ஒரு கோளாறுதான் என்று அப்போது புரிந்தது. அதை நானே சரி செய்து அனுப்பிவிட்டேன்.

ஸ்டீயரிங் தண்டு கீழே போய்ச் சேருகிற இடத்தில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதன் தலையில் ஒரு திருகு. பெட்டிக்குள் இருக்கிற பற்கள் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்க வேண்டும் என்பது அந்தத் திருகின் கையில். தளர்த்தினால் ஸ்டீயரிங் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும். சக்கரம் பிறகுதான் கேட்கும். நேர் சாலையில் வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலையும். தினமும் காலையில் வண்டியைத் துடைத்து, ஆயில் பார்த்து, அவள் கையில் சாவியைக் கொடுப்பது என் வழக்கம். ஒருநாள் அதோடு அந்தத் திருகையும் லேசாகத் தளர்த்தினேன். அரைச் சுற்றுகூட இருக்காது. வண்டி தன் பேச்சைக் கேட்கவில்லை என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே வந்து சொன்னாள். நான் அடியில் படுத்தேன். அவள் மேலே உட்கார்ந்து ஆட்டினாள்.

“ஒண்ணுமே இல்லியே வல்லி. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

“எனக்கு மட்டும் ஏன் அலையுது?”

வண்டியை விட்டு அவள் இறங்கிப் போனதும் திருகை இறுக்கிவிட்டு, ஆஷிக் அலியைக் கூப்பிட்டு ஓட்டிப்பார்க்கச் சொன்னேன். வல்லியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவன் ஒரு சுற்று போய்விட்டு வந்தான். நல்ல பையன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

“அண்ணாச்சி, இதுல ஒரு கோளாறும் கெடையாது. பானட்டுல டம்ளர்ல தண்ணிய வச்சு ஓட்டலாம், ஒரு சொட்டு சிந்தாது. மதினி, நீங்க ராத்திரி சீரியல் பாத்துட்டு காலைல வண்டியில தூங்குதியளோ?”

“அப்ப என் கையிலதான் கோளாறா தம்பி?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லல மதினி.”

அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கோளாறு கையில் என்று முதலில் சொன்னது அவள்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, “எதுக்கும் டாக்டர்ட்ட காட்டிருவோம்” என்று மட்டும் சொன்னேன். எந்தப் புருஷனும் சொல்கிற வார்த்தை.

அதற்குப் பிறகு அதையே ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் ஓட்டுகிற காலையில் திருகு தளரும். வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால் இறுகும். நான் ஓட்டினால் நேராகப் போகும், ஆஷிக் அலி ஓட்டினால் நேராகப் போகும். வல்லி கையில் மட்டும் அலையும். சில நாள் அவளுக்கும் இறுக்கியே கொடுப்பேன். அன்று முகம் மலர்ந்து வருவாள். மறுநாள் மறுபடி அலைந்தால், நேற்று நன்றாக ஓட்டிய கை இன்று ஏன் இப்படி என்று இன்னும் குழம்புவாள். திட்டம் போட்டெல்லாம் நான் இதைச் செய்யவில்லை. செய்யச் செய்யத் தெரிந்துகொண்டேன்.

பங்குனியில் ஒன்று நடந்தது. கம்பெனிக்காரர்கள் தேனிப் பக்கம் மலைச்சரிவில் புதிதாகக் காற்றாலை வைக்கிறார்கள். அங்கே ஓடப்போகிற வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பாக வல்லியைக் கேட்டார்கள். தங்க வீடும் தருவார்களாம். அவள் அதைச் சொல்ல இரண்டு மூன்று நாள் தயங்கியிருக்கிறாள். தோசை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்களும் வாங்க அத்தான். அங்கனயே ஒரு பட்டறையப் போட்டுக்கிடலாம். மல ஊரு, குளுகுளுன்னு இருக்கும். ஒங்களுக்கும் இந்த வெயில்ல கெடந்து வேவ வேண்டாம்.”

“பாக்கலாம்” என்றேன்.

என்னையும் கூப்பிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே அவளுக்கு அத்தனை பேர் இருப்பார்கள். நான் அவளோடு போனவனாக இருப்பேன். அது எப்படிச் சரியாகும்?

அந்த வாரம் திருகு இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஒரு ஆட்டு மந்தைக்குள் வண்டி இறங்கிவிட்டது. ஒரு குட்டி செத்தது. அதோடு அவள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஒரு குறையும் இல்லை, மனதுதான் காரணம் என்றார். கையில் குறை என்று சொல்லியிருந்தால் மருந்து தின்று சரியாகிவிடும் என்று இருந்திருப்பாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “எனக்கு என்ன ஆச்சு அத்தான்?” என்று கேட்டாள். “நான் இருக்கேம்லா” என்றேன்.

இந்த ஊரில் உடம்புக்கு என்ன வந்தாலும் கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண்தானே. வல்லி தினமும் காலையில் குளித்துவிட்டு இரண்டு மணிக்கட்டிலும் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். ஆடியில் கொடியேறியதும் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தாள். ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டத்தில் வெயிலில் அவள் நடக்க, நான் தண்ணீர் பாட்டிலோடு நிழலில் நிற்பேன். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால் என்று வெள்ளித் தகட்டில் உரு வாங்கி உண்டியலில் போடுவார்கள் அல்லவா, அவளும் இரண்டு கை வேண்டிக்கொண்டிருந்தாள். கடையில் நானே பார்த்து, நல்ல கனமானதாக எடுத்துக் கொடுத்தேன். உண்டியலில் போடும்போது அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, மேடம். பக்தியில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அதற்குள் அவள் கை நிஜமாகவே நடுங்கத் தொடங்கியிருந்தது. டம்ளர் நழுவியது. கொதிக்கிற எண்ணெயைக் கண்டு பயந்தாள். ஊக்கு மாட்ட முடியவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. திருகு ஜீப்பில்தான் இருந்தது, அவள் கையில் இல்லை. நான் பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து சமைத்தேன். தலை வாரிப் பின்னினேன். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே இந்த ஆடி மாதம் போல் ஒரு மாதம் இருந்ததில்லை. அவள் எங்கும் போகவில்லை. என்னைத் தவிர யாரோடும் பேசவில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஓசூரிலிருந்து கைலாஷ் வந்தான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, வல்லிதான் அவனை வளர்த்தாள். ஏதோ தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அவன் உள்ளே வந்தபோது நான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பையைக்கூட இறக்காமல் நின்றான்.

“என்னக்கா இது? என்னய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச கைலா இது?”

“அது முன்னாடிலே. இப்ப ஒரு டம்ளரு நிக்க மாட்டேங்கு.”

“அத்தான், தப்பா நெனச்சுக்கிடாதிய. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிடுதிய. ஆனா டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாரு. வண்டியிலயும் ஒண்ணுமில்லங்கிய. பொறவு எங்கதான் இருக்கு கோளாறு?”

“ஏலே, அத்தான் மெக்கானிக்கு. நீ என்ன புதுசா வந்து குடையுத?” என்றாள் வல்லி.

“அதுக்கில்லக்கா. எங்க கம்பெனில ஒரு மெஷின் தகராறு பண்ணுனா, ஆள மாத்துவோம், மெஷின மாத்த மாட்டோம். நாளைக்குக் காலைல நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காருதேன். பாதி வழியில எடத்த மாத்திக்கிடுவோம். பட்டறைப் பக்கமே வரக் கூடாது. ஒரே வண்டி, ஒரே ரோடு, ரெண்டு கை. தெரிஞ்சிரும்லா? அப்படியே கம்பெனி ஆபீஸுக்குப் போயி, தேனி வேல இன்னும் இருக்கான்னும் கேட்டுட்டு வந்துருவோம்.”

நல்ல யோசனை என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான். அத்தனை மாதத்தில் எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை.

என் நிலைமையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். திருகை இறுக்கி வைத்தால் வல்லி நேராக ஓட்டிக்கொண்டு போவாள். கையில் குறையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தேனிக்குப் போவாள். தளர்த்தி வைத்தால் கைலாஷ் கையிலும் வண்டி அலையும். இயந்திரம் தெரிந்த பையன், வேறு பட்டறைக்குக் கொண்டுபோவான். போனால் அந்தத் திருகைப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குச் சுவர். என்னை அப்படி ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது அவன்தான். அவன் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இறந்துபோனவனைக் குறை சொல்லக் கூடாது.

விடிந்ததும் வழக்கம்போல் வண்டியைத் துடைத்தேன்.

திருகை இறுக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. திருகை அவள் ஓட்டுகிற நாளில் எப்படி விடுவேனோ அப்படியே விட்டேன். பிறகு கீழே படுத்து, இன்னோரிடத்திலும் கை வைத்தேன். ஆய்வாளர் வரட்டும், எந்த இடம் என்று நானே காட்டுகிறேன். கொஞ்ச தூரம் போகும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஸ்டீயரிங் கையோடு சுற்றும், சக்கரம் கேட்காது. அந்தச் சோதனை முடியக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். முழுதாக நொறுங்கிய வண்டியில் அரைச் சுற்றுத் திருகை யார் தேடப்போகிறார்கள்?

இட்லி கட்டிக் கொடுத்தேன். கைலாஷ் ஏறியதும், “மாப்ள, பழைய வண்டி, கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு இழுக்கும். பயந்துராத” என்றேன். வல்லி ரொம்ப நாளைக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டாள். கியர் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வாரேன் அத்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தச் சாலையில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓடைப் பாலம் இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அந்த வழியில் எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறேன். தெரியும். யார் ஓட்டும்போது நடக்கும் என்று தெரியுமா என்று கேட்டால், தெரியாது. அவர்கள் இடம் மாறி அவன் ஓட்டும்போது நடந்தது, அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வல்லியும் அந்த வண்டியில்தான் இருந்தாள். அதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் போன பிறகு பட்டறையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படி முடிந்தாலும் அவள் தேனிக்குப் போகப்போவதில்லை என்ற நினைப்பு வந்ததும் மனம் கொஞ்சம் அடங்கியது. ஆஷிக் அலி ஓடிவந்து சொல்லும்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கைலாஷைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வல்லி ஸ்டீயரிங்கில் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த வண்டி விழுந்திருக்கும்.

நீங்கள் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் எவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவளை நான் ஒருநாளும் பூட்டி வைத்ததில்லை. எங்கள் வீட்டுக் கதவு பகல் முழுவதும் திறந்தேதான் கிடக்கும்.

ஜன்னல் வழியாக அவள் தெரிகிறாள். ஏட்டம்மா டீ கொடுத்திருக்கிறார். கையில் வாங்காமல் பெஞ்சில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஆறிக்கொண்டிருக்கிறது. நான் போய் எடுத்துக் கொடுத்தால் குடிப்பாள்.

இந்த அறைக்குள் வந்ததிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். உண்மையில் அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அவளை நீங்கள் உள்ளே வைத்துவிட்டால் எங்கள் வீடு என்ன ஆவது? கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்களும் ஒரு குடும்பத்துப் பெண், புரிந்துகொள்வீர்கள்.

“மேடம், என்னய என்ன வேணும்னாலும் செய்ங்க. எத்தன வருசம்னாலும் இருந்துட்டு வாரேன். அவள மட்டும் வீட்டுக்கு அனுப்பிருங்க. பட்டறையில நான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லிக்கிடுங்க. அந்தத் திருகு விசயத்த மட்டும் அவகிட்ட சொல்லிராதிய. கையிலதான் கொறைன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். தெரிஞ்சுதுன்னா, அவ போயிருவா.”